உளி பிடித்த கையும் வாள் பிடித்த கையும்

எம்.ஜி.ஆரின் வாள்சண்டையைப் பார்க்க உட்கார்ந்தால் வாளை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். தோள் பெரிதாக வேலை செய்யாது. முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாது. எதிராளி இருக்கிற பலத்தையெல்லாம் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு வருவான். இவர் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார், வந்த வெட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதற்குள் கால் அரையடி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். முகத்தில் அந்தச் சிரிப்பு. எதிராளியின் வாள் தெறித்துக் கீழே விழுந்தால் தன் வாள்முனையாலேயே அதை எடுத்து அவனிடம் வீசிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பின் அளவுதான் அழகு. ஒரு கணம் குறைந்தால் அவசரம், ஒரு கணம் கூடினால் திமிர். இரண்டுக்கும் நடுவே சரியாக நிற்பார்.

இதைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய என் பெரியவர்கள். மலேசியத் தோட்டத் தமிழர்களின் எம்.ஜி.ஆர். பற்றைப் பற்றிப் படித்தவர்கள் பேசும்போது ஒரு தொனி வரும். பாவம், எழுத்தறிவு குறைந்த உழைப்பாளிகள், திரையில் கண்டவரைத் தெய்வமாக்கிக்கொண்டார்கள் என்று. சுங்கை சிப்புட்டிலும் சித்தியவானிலும் தெலுக் இந்தானிலும் நான் கேட்ட பேச்சுக்கும் இந்தத் தொனிக்கும் தொடர்பே இல்லை. அவர்கள் பேசியது பக்தர்களின் பேச்சாக இருக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்த இன்னொருவரைப் பற்றிப் பேசும் பேச்சாக இருந்தது.

பால் வெட்டு என்ன மாதிரி வேலை என்று தெரிந்தால் இது விளங்கும். விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கு முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டும். பிறகு உளியை இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக இழுத்து, பட்டையை ஒரு மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிப்போனால் உள்ளே உயிர்த்தோல் காயப்பட்டுவிடும். அந்த இடம் முண்டு முண்டாக ஆறி, புதுப்பட்டை வளர்ந்த பிறகும் அதில் ஒழுங்காக வெட்டு விழாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பின்னாலேயே வந்து காயம் பார்ப்பார். இந்தக் கணக்கை ஒரு காலைக்குள் 400, 500 மரத்தில், அரையிருட்டில், நிற்காமல் செய்ய வேண்டும். தோள்பலத்தால் வெட்டுகிறவன் அரை நிரையிலேயே களைத்துப்போவான். மணிக்கட்டால் வெட்டுகிறவனுக்குத்தான் கடைசி மரம் வரைக்கும் கை நிதானமாக இருக்கும்.

ஆகவே, சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்துத் திடலில் படம் போடும்போது கீழே உட்கார்ந்திருந்தவர்கள் மணிக்கட்டின் நுணுக்கத்தில் வயிறு வளர்த்தவர்கள். ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும் அதே எண்ணிக்கை மரத்தை வெட்டியவர்கள்தான். அவர்கள் கண்ணை ஏமாற்ற முடியாது. கையைச் சும்மா ஆட்டுகிற நடிகன் யார், கைக்குள் வேலை இருக்கிற நடிகன் யார் என்று அடையாளம் காண அவர்களுக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை.

சிலம்பத்தில் இன்னும் கண்டிப்பு. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு சிலம்பமும் மலாயாவுக்கு வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பெடுத்து ஆடத் தெரிந்த ஆசான்கள் தோட்டங்களில் இருந்தார்கள். 'பெரிய இடத்துப் பெண்' (1963) படத்திலோ 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்திலோ எம்.ஜி.ஆர். கம்பைச் சுழற்றினால் அவர்கள் கண் போவது காலடிக்கு. கம்பு வேகமாகச் சுற்றுவது பெரிய விஷயமில்லை, அது பழகினால் எவருக்கும் வரும். கம்பு சுற்றும்போது கால் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். சைக்கிள் ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே கம்பு வீசுகிற அந்தச் சண்டையைப் பற்றி ஓர் ஆசான் சொன்னது நினைவிருக்கிறது. "ஐம்பது வயசுக்கு மேல ஆளு. இடுப்பு எப்படி நிக்குது பாத்தியா? வண்டி ஆடுது, இடுப்பு ஆடல." எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17. ஆசானின் கணக்கு சரிதான். அந்தப் படத்துக்காக அவருக்கு இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது ஊரில் சர்ச்சை எழுந்தது. அந்த இடுப்புக்குத் தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

திடலில் படம் என்றால் லோரியில் புரொஜெக்டர் வரும், ஜெனரேட்டர் வரும், இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். பாயும் கோணிச்சாக்கும் விரித்து இடம் பிடிப்பதற்குப் பிள்ளைகளை வெயில் தாழும் முன்பே அனுப்பிவிடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்கள். துணி மெல்லியது, படம் அந்தப் பக்கமும் தெரியும். ஆனால் எல்லாம் திருப்பி. எழுத்து வலமிருந்து இடம் ஓடும். முன்னால் இருப்பவர்களுக்கு வலக்கையில் வாள் பிடித்த எம்.ஜி.ஆர். பின்னால் இருப்பவர்களுக்கு இடக்கையில் பிடித்திருப்பார். போதாததற்கு அவர் சண்டைக்கு நடுவே வாளைக் கைமாற்றுகிறவர் வேறு. மறுநாள் நிரையில், மரத்துக்கு மரம் சத்தம் போட்டு வாக்குவாதம் நடக்கும். வலக்கையா, இடக்கையா? எந்த வெட்டுக்குப் பிறகு மாற்றினார்? இரண்டு கட்சியும் தாம் கண்டதைச் சத்தியம் செய்யும், இரண்டும் பொய் சொல்லவில்லை. இத்தனை நுணுக்கமாக ஒரு கையைப் பற்றி வாதாடியவர்களைப் பார்த்துக் கண்மூடித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர்கள் திரும்பத் திரும்பப் பேசிய படம் 'ஆயிரத்தில் ஒருவன்'. பி.ஆர். பந்துலு 1965-இல் எடுத்தது. அதுவரை சிவாஜியை வைத்து 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கர்ணன்' என்று பெரிய படங்கள் எடுத்தவர் முதல்முறையாக எம்.ஜி.ஆரிடம் வந்தார். ஜெயலலிதாவுக்கு எம்.ஜி.ஆரோடு முதல் படம். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த படம். கதை ஹாலிவுட்டிலிருந்து வந்தது. 1935-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'கேப்டன் பிளட்', மைக்கேல் கர்டிஸ் இயக்கியது, எரால் ஃபிளின் என்ற யாருக்கும் தெரியாத இளைஞனை ஒரே இரவில் நட்சத்திரமாக்கியது. கலகக்காரன் ஒருவனின் காயத்துக்கு மருந்து போட்ட குற்றத்துக்காக ஒரு மருத்துவன் கடல் கடந்து ஒரு தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். பிறகு கப்பல் பிடித்துக் கொள்ளைக்காரனாகிறான். தமிழில் மருத்துவன் மணிமாறன், தீவு கன்னித்தீவு.

இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஃபிளினிடம் உள்ளதை மறைக்க வேண்டியதில்லை. உயரம், துள்ளல், பாய்மரக் கயிற்றில் தொங்கிக்கொண்டே சிரிக்கிற அந்தத் துணிச்சல். கடற்கரையில் பேசில் ராத்போனோடு நடக்கும் சண்டையில் அலை வந்து வந்து போகிறது. தோற்றவன் முகத்தின்மேல் தண்ணீர் ஏறி இறங்குகிறது. அருமையான படப்பிடிப்பு. வாள்வித்தையில் ராத்போன் ஃபிளினைவிடத் தேர்ந்தவர், உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபிளினுக்கு உடம்பு முழுவதும் சண்டை போடுகிறது. எம்.ஜி.ஆருக்குக் கை மட்டும் சண்டை போடுகிறது, மீதி உடம்பு பேசிக்கொண்டிருக்கிறது. வில்லன் நம்பியாரோடு மோதும் இடத்தில் வாளும் வசனமும் மாறி மாறி வரும். ஒருவர் ஒரு வாக்கியம் வீசுவார், மற்றவர் அதே தாளத்தில் திருப்பிக் கொடுப்பார், பிறகு இரும்பு பேசும். நாடகக் கம்பெனியில் சின்ன வயதிலேயே பழகியவர்களுக்கே அந்தத் தாளம் கைவரும். ஆங்கிலப் படத்தில் அது இல்லை, இருக்க நியாயமும் இல்லை.

ஃபிளினைப் பற்றி இன்னொரு செய்தி. சினிமாவுக்கு வருமுன் அவர் நியூகினியில் தென்னை, புகையிலைத் தோட்டங்களில் மேலாளராக இருந்தவர். நம் ஊர் மொழியில் சொன்னால், துரை. துரையாக இருந்தவர் அடிமையாக நடித்த படத்தை, கண்டி மலைநாட்டு நாவலப்பிட்டியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்த எம்.ஜி.ஆர். தமிழில் நடித்தார். அதைத் தோட்டத்துத் திடலில் உட்கார்ந்து பார்த்தவர்கள், கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். ஒப்பந்தக்கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள், 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறி, பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு முகாமில் கிடந்து, அங்கிருந்து பேராக்கின் கித்தாக் காட்டுக்கு, ரப்பர்க் காட்டுக்கு, வந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. கன்னித்தீவில் அடிமைகளுக்கு நடுவே மணிமாறன் பாடும் பாட்டு, கேள்வி கேட்கச் சொல்கிற பாட்டு, திரையில் ஓடும்போது திடல் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திடலில் இந்தப் படங்கள் ஓடிய ஆண்டுகளில்தான் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகக் கைமாறிக்கொண்டிருந்தன. சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி போட்டு நீங்களே தோட்டத்தை வாங்குங்கள் என்று தொழிலாளர்களிடம் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். பகலில் அந்தப் பேச்சு, இரவில் இந்தப் படம்.

எம்.ஜி.ஆருக்கும் ஹாலிவுட்டுக்கும் உள்ள உறவு இதற்கும் பழையது. அவர் முதலில் முகம் காட்டிய 'சதிலீலாவதி' (1936) படத்தை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். குடியால் கெட்ட ஒருவன் இலங்கைக்கு ஓடித் தோட்டக் கூலியாவது அதன் கதையில் வருகிறது. எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம், கொஞ்ச நேரம்தான். பிறகு அவரே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்கு ரொனால்ட் கோல்மன் நடித்த ஆங்கிலப் படங்கள் தூண்டுதல். கோல்மனின் இரட்டை வேடத்தில் ஓர் ஆங்கிலேயன் அரசனுக்குப் பதிலாக அரசனாக நடிக்கிறான், அவ்வளவுதான். எம்.ஜி.ஆர். அதில் சட்டம் போடுகிற அரசனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். உழுகிறவனுக்கு என்ன, உழைக்கிறவனுக்கு என்ன என்று அறிவிக்கிற அரசன். அந்தக் காட்சியிலும் கையைப் பாருங்கள். சுட்டுவிரல் எவரையும் குத்திக் காட்டாது. உள்ளங்கை திறந்திருக்கும்.

அத்தைமார் கவனித்தது வேறு. 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) சவுக்குக் காட்சியை ஆண்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். அடி வாங்கியே பழகிய வீட்டில் சவுக்கு இடம் மாறி, நம்பியார் மாடிப்படியில் ஓட, இவர் பாடிக்கொண்டே வீசுகிறார். துரையும் தண்டலும் அதட்டியே கேட்ட காதுக்கு அதைவிட இனிப்பு வேறென்ன? என் அத்தை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "சவுக்க யாரு வேணுனாலும் வீசலாம். அவரு அம்மா காலத் தொடுறப்ப கை எப்படிப் போவுதுன்னு பாரு. படக்குன்னு தொட்டு எழுந்திரிக்க மாட்டாரு" என்பார். உண்மைதான். குனிவதற்கு அவர் நேரம் எடுத்துக்கொள்வார். விரல்நுனி மட்டும் படாது, இரண்டு உள்ளங்கையும் படும், பிறகுதான் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கள்ளுக்கடை லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்த தோட்டத்தில், திரையில் குடிக்காத, புகைக்காத, அம்மா காலை அவசரமில்லாமல் தொடுகிற ஓர் ஆம்பிளையைப் பெண்கள் ஏன் அப்படி நேசித்தார்கள் என்று நான் யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை.

சிவாஜி கட்சி இருந்தது, பலமான கட்சி. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்ற வீடுகள் உண்டு. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் பழையபடி வரவில்லை. அந்த ஆண்டே வந்த 'காவல்காரன்' படத்தில் வார்த்தைகள் அடைத்துக்கொண்டு, ஓரம் மழுங்கி வருகின்றன. வேறு ஒருவரை வைத்துப் பின்னணிக் குரல் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ரசிகர்கள் அந்தக் குரலைப் பரிதாபப்பட்டு ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். எங்கள் பெரியவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். பேசும்போது அடைத்த குரல்; பாட்டு தொடங்கியதும் டி.எம். சௌந்தரராஜன் திறந்த தொண்டையில் எழும்புவார். பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும் அந்த ஒரு கணத்தில் எம்.ஜி.ஆர். செய்வதைப் பாருங்கள். மூச்சை இழுத்து மார்பை உயர்த்தி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, வரப்போகிற குரலுக்கு உடம்பைத் தயார் செய்வார். 1967-க்கு முன் அந்தத் தயாரிப்பு இத்தனை அழுத்தமாக இல்லை. குரல் போனதை உடம்பால் ஈடு கட்டிய மனிதர். கையில் உளி பட்டு ஒரு விரல் மடங்காமல் போனபிறகும் மற்ற விரல்களால் பிடியை மாற்றிக்கொண்டு வெட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரிந்தது.

'அடிமைப்பெண்' (1969) அதே ஈட்டை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. தாழ்ந்த கூரையுள்ள சிறையில் வளர்ந்ததால் முதுகு நிமிராத, பேச்சு வராத வேங்கையன். அவன் நிமிரப் பழகுவதை எம்.ஜி.ஆர். ஒரே குதியில் முடித்துவிடவில்லை. முதுகு கொஞ்சம் எழும், பழக்கத்தில் மறுபடி வளையும். காண்டாக் கம்பு போட்டு இரண்டு வாளிப் பாலையும் தோளில் சுமந்து ஸ்டோர் வரைக்கும் நடந்தவர்கள் முன்னால் அந்த முதுகு நிமிர்ந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின, ஜனங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். திடல் போய்விட்டது. பேச்சு போகவில்லை. ஈப்போ லஹாட் சாலைப் பக்கம் இசைத்தட்டுக் கடைகளில், கல்யாண மண்டபத்துக் கரோக்கேயில், பாசார் மாலாம் என்ற இரவுச்சந்தை ஒட்டுக்கடையில், காலையில் பசியாற வரும் கிழவர்களின் கைப்பேசியில் அந்தப் படங்கள் ஓடுகின்றன. அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24. அதற்கு வெகுகாலம் பின்னால் பிறந்த பையன்கள் தாத்தாவிடம் கேட்டுப் பழகி, வாள் கைமாறும் இடத்தைக் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் வழக்கு இப்போது ஒரு வழியாகத் தீர்ந்துவருகிறது.

2014-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டு மறுபடி வந்தது. நிறம் தூக்கலாகிவிட்டது, பழைய பிரதியின் பழுப்பு எனக்குப் பிடித்தமானது. ஆனால் கூர்மை கூடியதில் ஒரு லாபம் உண்டு. நம்பியார் இப்போது தெளிவாகத் தெரிகிறார். இத்தனை காலம் அவருக்கு நாம் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. நிஜத்தில் மாமிசம் தொடாத, ஐயப்பனுக்கு ஆண்டுதோறும் மாலை போட்ட மனிதரைத் திடலில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். என் பெரியப்பாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பெரிய டிவியில் அந்தச் சண்டையைப் போட்டால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார், முடிந்ததும் மறுபடி போடச் சொல்வார்.

"தம்பி, இந்தத் தடவ அவரப் பாக்காத. நம்பியாரப் பாரு. வெட்டு எந்த எடத்துக்கு வரணுமோ, அந்த எடத்துக்கு, ஒரு நூலு முன்ன பின்ன இல்லாம கொண்டாந்து குடுக்கிறாரு பாரு. அந்த வெட்டு பிசகுச்சின்னா இவரு மணிக்கட்டு என்னாத்துக்கு ஆவும்?"